இங்கு நிமிர்த்தித் தரப்படும்

வாலிப வயோதிக அன்பர்களே! கூச்சப்படாமல் படியுங்கள். நாம் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டே ஒரு கூட்டத்தைக் கோடீஸ்வரர்கள் ஆக்கிவிட்டோம். இன்று ஒரு நாளாவது அவர்களுக்கு வருமானம் குறையட்டும்.

சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி தில்லிக்குப் போகிறவர்களுக்கு, ஊர் நெருங்க நெருங்க இருப்புப்பாதை ஓரச் சுவர்களில் இரண்டு வகை இலக்கியம் வாசிக்கக் கிடைக்கும். ஒன்று 'ரிஷ்தே ஹி ரிஷ்தே': கரோல் பாக்கில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் வரன் பார்த்துத் தந்த தரகரின் எழுத்து. மற்றது 'குப்த் ரோக்', ரகசிய நோய். கல்யாணத்தை ஒருவர் முடித்து வைக்கிறார். அதற்குப் பிறகு வரும் பயத்தை இன்னொருவர் கவனித்துக்கொள்கிறார். ரகசிய நோய் என்று ஆளுயர எழுத்தில், மஞ்சள் வண்ணத்தில், கைபேசி எண்ணோடு சுவரில் எழுதிவைக்கும் தேசம் நம்முடையது.

கரோல் பாக்கை ஒட்டி ஓடுகிறது புசா ரோடு. தலைக்கு மேல் மெட்ரோவின் நீலத் தடம். தூணுக்குத் தூண் எண், அந்த எண்ணே விலாசம். பெரிய தனியார் மருத்துவமனை உண்டு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி உண்டு. பக்கத்திலேயே பழைய ராஜிந்தர் நகரில் ஐ.ஏ.எஸ். கனவோடு அறையெடுத்து, அரசியல் சாசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் நம் பிள்ளைகள் உண்டு. ஜண்டேவாலான் பக்கம் 108 அடி ஆஞ்சநேயர் நிற்கிறார். அந்த நித்திய பிரம்மச்சாரியின் பார்வை எட்டும் தூரத்தில்தான் மாடிக்கு மாடி 'செக்ஸாலஜிஸ்ட்' பலகைகள். அவருடைய பொறுமைக்கே ஒரு வடை மாலை சாத்தலாம்.

இந்தப் பலகைகளில் ஆண்மைக் குறைவு இருக்கும், நரம்புத் தளர்ச்சி இருக்கும், சொப்பன ஸ்கலிதம் இருக்கும். 'வளைவு' என்றும் ஒரு வரி இருக்கும், விறைப்பு, நீளம், பருமன் ஆகியவற்றுக்கு நடுவில், ஏதோ தகரம் நிமிர்த்தும் பட்டறைபோல. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நிஜமான நோய் இருக்கிறது. பெயர் பெய்ரோனி நோய்.

ஆண்குறியின் உள்ளே ரத்தம் நிரம்பும் அறைகளைச் சுற்றி உறுதியான உறை ஒன்று உண்டு. அதில் நாம் அறியாமலே படும் சிறு காயங்கள் ஆறும்போது, சிலருக்குத் தழும்பு தடித்துப் போகிறது. தழும்பு விரிந்து கொடுக்காது. பலூனின் ஒரு பக்கம் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு ஊதினால் எப்படி வளையுமோ, விறைப்பின்போது அப்படி வளைகிறது. வலிக்கிறது. தொட்டால் உள்ளே கெட்டியாகத் தட்டுப்படுகிறது. புற்றுநோய் அல்ல. பால்வினை நோய் அல்ல. எந்தப் பாவத்தின் சம்பளமும் அல்ல. பெரும்பாலும் நாற்பது, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வருவது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் சொன்னது. இனி இதை யாரோ வெள்ளைக்காரனுக்கு வரும் அபூர்வ வியாதி என்று தள்ளிவிட வேண்டாம். பாதிக்கப்பட்டவர்களை உட்கார்த்தி விசாரித்த ஒரு அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. கேட்டதால் தெரிந்தது. இங்கே யார் கேட்டார்கள்?

பெயருக்குச் சொந்தக்காரர் பிரான்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் தலைமை அறுவை மருத்துவர் லா பெய்ரோனி. 1743-இல் இந்த நோயை விவரித்து எழுதினார். சிகிச்சையாக அவர் சிபாரிசு செய்தது பரேஜ் என்ற மலையூரின் ஊற்று நீர்! ஆக இந்த நோயின் வரலாறே பலிக்காத மருந்தோடுதான் தொடங்குகிறது. ஆனால் அதே 1743-இல் அதே பெய்ரோனியின் முயற்சியால் இன்னொன்றும் நடந்தது. அறுவை மருத்துவர் வேறு, முடிதிருத்துபவர் வேறு என்று பிரெஞ்சு மன்னர் ஆணையிட்டுப் பிரித்தார். இருநூற்று எண்பது வருடம் ஓடிவிட்டது. டாக்டர் வேறு, லேகியம் விற்கிறவர் வேறு என்று பிரித்துக் காட்ட நம் மன்னர்களுக்கு இன்னும் நல்ல நேரம் அமையவில்லை.

ஒரு மனிதரை நினைத்துக்கொள்வோம். ஐம்பத்து நாலு வயது, மத்திய அரசில் பிரிவு அதிகாரி, சர்க்கரை பத்து வருடமாக. பெயர் வேண்டாம். மனைவியிடம் சொல்லவில்லை, முதுகு வலி என்று சொல்லிவிட்டுத் தனியே படுக்கிறார். ஒரு சனிக்கிழமை, தெரிந்த தமிழ் முகம் எதுவும் கண்ணில் படாதபடி மெட்ரோவிலிருந்து இறங்குகிறார்.

முதலில் எதிர்ப்படுவது நடைபாதைக் கூடாரம், கண்ணாடிப் புட்டிகள், 'கான்தானி' வைத்தியர். பரம்பரை பரம்பரையாகப் பார்க்கிறார்களாம். பரம்பரையாகச் செய்தால் எதுவும் சரியாகிவிடும் என்றால் பரம்பரைத் திருடனுக்கும் பத்மஸ்ரீ தரலாம். அவர் தடவச் சொல்வது 'சாண்டே கா தேல்', முள்வால் பல்லியின் கொழுப்பிலிருந்து இறக்கிய எண்ணெய். அந்தப் பல்லியைப் பிடித்தாலே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். தழும்போ உறையின் உள்ளே இருக்கிறது. தோலின் மேல் எதைத் தேய்த்தாலும் தேய்வது தோலும் பர்ஸும்தான்.

இரண்டாவது, மாடி. குளிர்சாதனம், சுழல் நாற்காலி, சுவர் நிறையச் சான்றிதழ், யாரோ ஒரு மந்திரியோடு புகைப்படம். இங்கே முதல் கேள்வி நோயைப் பற்றியதாக இருக்காது. "பச்பன் கி கல்தி?" சிறுவயதுத் தப்பு ஏதாவது? நம்மூரில் இதையே 'இளமையில் அறியாமல் செய்த தவறு' என்று மாதம் ஒரு தேதிக்கு மதுரையிலும் திருச்சியிலும் லாட்ஜ் அறை போட்டுக் கேட்டார்கள். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை தேசிய ஒருமைப்பாட்டை இந்தக் கேள்வி காப்பாற்றிய அளவுக்கு வேறெதுவும் காப்பாற்றவில்லை. விந்து போய்விட்டதே என்ற இந்த பயத்துக்கு 'தாத்' நோய்க்குறி என்று 1960-இலேயே பெயர் வைத்தார் மனநல மருத்துவர் என்.என். விக். மருத்துவம் அதைப் பயம் என்று பதிவு செய்தது. மாடிக்காரர் அதையே முதலீடாகப் பதிவு செய்துகொண்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தபின் விலை பேசுவது சுலபம். தங்க பஸ்பம், வெள்ளி பஸ்பம், மூன்று மாதக் கோர்ஸ். இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளை 2008-இல் அமெரிக்காவில் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. வேறு சில 'முழுக்க மூலிகை' வீரிய மாத்திரைகளில் அந்நாட்டு மருந்துத் துறை அடிக்கடி கண்டுபிடித்தது வயாக்ராவின் சில்டெனாஃபிலை. வேருக்கு வீரியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் இதை அறியாமல் விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது கடை கொஞ்சம் படித்தவர்களுக்கு. அழகான டப்பா, ஆங்கில எழுத்து, 'சப்ளிமென்ட்'. வைட்டமின் ஈ, எல்-கார்னிடின், ஒமேகா-3. இவற்றைத் தயாரிக்கிறவர்கள் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போக வேண்டியதில்லை. இவை உணவு! உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிகள்படி டப்பாவில் ஒரு வாசகம் கட்டாயம்: மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல. மாத்திரை வடிவம், மருந்துக் கடை, மருந்துக்குரிய விலை, முன்பக்கத்தில் 'ஆணின் வளைவுக்கு ஆதரவு' என்ற பூடகமான வாக்கியம். பின்பக்கத்தில், பூதக்கண்ணாடிக்காக, இது மருந்தே இல்லை என்ற சத்தியப் பிரமாணம். பதினான்கு இலக்க உரிம எண் ஒன்றும் இருக்கும். சாப்பிட்டால் சாக மாட்டாய் என்பதைத் தாண்டி அந்த எண் எதற்கும் உத்தரவாதம் இல்லை. வடைக்கடைக்கும் அதே மாதிரி எண்தான். வடைக்கடைக்காரர் வளைவை நிமிர்த்துவேன் என்று சொல்வதில்லை. அவருக்கு மானம் இருக்கிறது.

வைட்டமின் ஈ-யின் கதையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எழுதிக் கொடுப்பவர்களில் நிஜ டாக்டர்களும் இருக்கிறார்கள். பெய்ரோனி நோய்க்கு அதை முதலில் பரிந்துரைத்தது 1940-களின் கடைசியில். விலை மலிவு, பச்சைக் காப்சூல், முடிக்கும் முகத்துக்கும்கூடப் பூசுகிறார்கள், கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்ற தாராளம். போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது வளைவு மசியவில்லை. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டது: வைட்டமின் ஈ வேண்டாம், ஒமேகா-3 வேண்டாம், தமாக்சிஃபென் வேண்டாம், வைட்டமின் ஈ-யையும் எல்-கார்னிடினையும் சேர்த்தும் வேண்டாம். என்ன கெட்டுவிடும் என்ற கேள்விக்கும் பதில் உண்டு. முப்பத்தைந்தாயிரம் ஆண்களை வைத்து நடந்த 'செலக்ட்' ஆய்வில் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-இல் தெரிந்தது. ஐம்பது வயதுக்காரர் வளைவுக்காக விழுங்கும் மாத்திரை, அதே வட்டாரத்தில் இன்னொரு வியாதிக்கு அட்வான்ஸ் கொடுத்து வைக்கிறது.

"ஆனால் சாப்பிட்டுக் குணமானவர்கள் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். வைத்தியமே செய்துகொள்ளாத நோயாளிகளை ஓராண்டுக்கு மேல் கவனித்து 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. வளைவு இருந்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குத் தானாகக் குறைந்தது. நாற்பது பேருக்கு அப்படியே நின்றது. நாற்பத்தெட்டு பேருக்கு மோசமானது. வலி மட்டும், அது இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு செலவும் இல்லாமல் போய்விட்டது. இப்போது நீங்கள் புசா ரோட்டில் வெறும் சீனிப்பாகை 'ராஜ ரசாயனம்' என்று பெயரிட்டு நூறு பேருக்கு விற்றுப் பாருங்கள். வலியோடு வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வளைவு குறைந்த பன்னிரண்டு பேர் வீடியோவில் சாட்சி சொல்வார்கள். மோசமான நாற்பத்தெட்டு பேர்? என் குறி இன்னும் வளைந்துவிட்டது என்று நுகர்வோர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? வெட்கம் என்பது இந்தத் தொழிலின் சட்டப் பாதுகாப்பு. புகார் வராத வியாபாரம் உலகத்தில் இது ஒன்றுதான்.

நாலாவது இடம் கண்ணாடிக் கட்டடம். நடைபாதைக்காரனைப் பார்த்து நாம் சிரித்தது இங்கே உள்ளவர்களுக்கு இதமாக இருந்திருக்கும், அதனால் சொல்லிவிடுகிறேன். 'ஷாக்வேவ்' என்று ஓர் இயந்திரம் பல ஊர்களின் பளபளப்பான சிகிச்சையகங்களில் இருக்கிறது, ஆறு சிட்டிங், பன்னிரண்டு சிட்டிங் என்று பொட்டலம் கட்டி. அதே 2015 வழிகாட்டுதல் சொல்கிறது: வளைவைக் குறைக்க அதைப் பயன்படுத்தாதே, வலிக்கு வேண்டுமானால் கொடுக்கலாம். தானாகப் போகிற வலிக்கு! பல்லி எண்ணெய்க்காரனிடம் இல்லாத ஒன்று இவர்களிடம் இருக்கிறது, தவணை முறை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். சட்டத்துக்கு என்ன குறை, தண்டி தண்டியாக இருக்கிறது. மருந்துகள், மந்திர வைத்தியங்கள் விளம்பரத் தடைச் சட்டம் 1954-இல் வந்தது. பாலின்ப ஆற்றலைக் கூட்டுவதாக விளம்பரம் செய்தால் முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை. தில்லியின் யுனானி மருந்து நிறுவனம் ஹம்தர்த் தவாகானா இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. ஒன்றிரண்டு பிரிவுகள் அடிபட்டாலும் சட்டத்தின் உயிர் தப்பியது. மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை இன்னும் தெளிவு: பாலுறுப்பின் அளவையும் வடிவத்தையும் திருத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. வடிவத்தையும்! நம் பிரிவு அதிகாரியின் வியாதியை மனதில் வைத்து எழுதியதுபோல இருக்கிறது. ராஜிந்தர் நகரில் இதைப் படித்துத் தேர்வெழுதும் பிள்ளை, கீழே இறங்கித் தேநீர் குடிக்கிற நேரத்தில் அந்த அட்டவணை மொத்தமும் மீறப்படுவதைப் பலகையில் பார்க்கலாம்.

அதே மருந்து விதிகளில் 2018-இல் 170-ஆம் விதி என்று ஒன்று சேர்த்தார்கள். ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்தை விளம்பரம் செய்யும் முன் மாநில அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். நல்ல விதி, அதனால்தான் ஆயுள் கெட்டி இல்லை. 2023 ஆகஸ்டில் ஆயுஷ் அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது, அந்த விதிப்படி நடவடிக்கை எடுக்காதீர்கள் என்று. 2024-இல் பதஞ்சலி விளம்பர வழக்கில் ராம்தேவும் பாலகிருஷ்ணாவும் பத்திரிகையில் மன்னிப்பு விளம்பரம் போட்டுக்கொண்டிருந்த அதே வருடம், ஜூலை முதல் தேதி விதியையே நீக்கி அறிவிக்கை. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை. 2025 ஆகஸ்டில் வழக்கை முடித்துத் தடையையும் விலக்கிக்கொண்டது. எழுந்தது, படுத்தது, எழுப்பப்பட்டது, மறுபடி படுத்தது. லேகியம் முதலில் யாருக்குத் தேவை என்று இப்போதாவது தெரிகிறதா? 1954 சட்டத்தின் தண்டனையை ஐந்து வருடம், ஐம்பது லட்சம் வரை உயர்த்த 2020 பிப்ரவரியில் ஒரு வரைவு வெளியிட்டார்கள். வரைவாகவே இருக்கிறது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள்; வால் அமைச்சகத்தினுடையது என்றால் முயல்கிறவரும் இல்லை.

2025-இல் பெங்களூரில் ஒரு மென்பொருள் பொறியாளர் போலீசுக்குப் போனார். சாலையோரக் கூடாரத்தில் தொடங்கி, கிராம் ஒன்று ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் என்று 'பூட்டி' என்ற மூலிகை வாங்கி, கடன் எடுத்து, மொத்தம் 48 லட்சம் கொடுத்திருக்கிறார். பிறகு ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் கெட்டிருப்பது தெரிந்தது. செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். படித்தவன் இப்படியா என்றார்கள். ஒரு நேர்மையான டாக்டரிடம் வெட்கமில்லாமல் போய் உட்கார முடியாத நாட்டில் படிப்பு என்ன கிழிக்கும்? அவர் புகார் கொடுத்தாரே, அந்த ஒரு காரியத்துக்கு அவருக்கு ஒரு வணக்கம்.

நாட்டு மருத்துவத்தின் எதிரி என்று என்னைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அதே கரோல் பாக்கே எனக்குச் சாட்சி. ஹக்கீம் அஜ்மல் கான் அங்கே திப்பியா என்ற நாட்டு மருத்துவக் கல்லூரியைக் கட்டினார். 1921 பிப்ரவரி 13 அன்று திறந்து வைத்த காந்தி வாழ்த்துரையோடு நிறுத்தவில்லை. மேலை விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி வேட்கையை வணங்கிவிட்டு, நம் வைத்தியர்களிடமும் ஹக்கீம்களிடமும் அது இல்லையே, பழைய சூத்திரங்களைக் கேள்வி கேட்காமல் பின்பற்றுகிறார்களே என்று மேடையிலேயே வருந்தினார். அஜ்மல் கான் ரோஷக்காரர், செய்தும் காட்டினார். அவர் அமைத்த ஆராய்ச்சிக் கூடத்தில் சலீமுஸ்ஸமான் சித்திகி சர்ப்பகந்தி வேரைப் பிரித்து ஓர் ஆல்கலாய்டை எடுத்து, புரவலர் பெயரால் அஜ்மலின் என்றார். பரம்பரையாக மறைந்திருந்து தாக்கும் ஒரு இதயத்துடிப்புக் கோளாறைக் கண்டறிய இன்றைக்கும் மருத்துவமனைகளில் அது பயன்படுகிறது. வேர் அதே வேர்தான். சோதித்தார்கள், மருந்தானது. அந்த மனிதர் பெயரில் கரோல் பாக்கில் ஒரு கடைத்தெருவே இருக்கிறது. அதன் சுற்றுவட்டாரத்தில் சோதிக்கப்படாத புட்டி விற்காத நாளே இல்லை.

சரி, நிஜ வைத்தியம் என்ன? அதைச் சொன்னால் வியாபாரம் ஆகாது, அதனால் வேகமாகச் சொல்கிறேன். யூராலஜிஸ்ட்டிடம் போக வேண்டும். முதல் ஒரு வருடம் நோய் மாறிக்கொண்டே இருக்கும். வலிக்கு மாத்திரை, பிறகு பொறுமை. வளைவு சிறிது, உறவுக்கு இடைஞ்சல் இல்லை என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம். தழும்புக்குள் நேராகப் போடும் ஊசிகள் உண்டு. அவற்றில் கொலாஜினேஸ் ஊசிக்கு அமெரிக்கா 2013 டிசம்பரில் அனுமதி தந்தது, குறைந்தது முப்பது டிகிரி வளைந்தவர்களுக்கு. பெரிய சோதனைகளில் வளைவு சராசரியாக 34 சதவீதம் குறைந்தது. போலி ஊசி போட்டவர்களுக்கே 18 சதவீதம் குறைந்திருந்தது. அபூர்வமாக உறை கிழியும் ஆபத்தும் உண்டு என்று கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்கள். நோய் அடங்கி நின்றபின் அறுவை சிகிச்சை. எதிர்ப்பக்கம் தையல் போட்டு இழுத்தால் நேராகும், நீளம் சற்றுக் குறையும். தழும்பை வெட்டி ஒட்டுப் போட்டால் நீளம் காப்பாற்றப்படலாம், விறைப்பு தளரலாம். விறைப்பே இல்லாதவர்களுக்கு உள்ளே பொருத்தும் கருவி. அவ்வளவுதான். குறையும், கூடலாம், பார்க்கலாம், நூறு சதவீதம் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வாக்கியங்களை எந்தச் சுவரில் மஞ்சள் வண்ணத்தில் எழுதுவது?

பிரிவு அதிகாரிக்கு ஒரு சர்க்கரை டாக்டர் இருக்கிறார். பத்து வருடமாகப் பார்க்கிறார். பாதத்தில் குத்திப் பார்ப்பார், கண்ணுக்கு அனுப்புவார், சிறுநீரில் புரதம் பார்ப்பார். 'உறவில் சிரமம் ஏதும் உண்டா, வளைவு, வலி?' என்று ஒரு முறை கேட்டதில்லை. கேட்க ஆகும் நேரம் அரை நிமிடம். மருத்துவக் கல்லூரியில் சொல்லித் தராததாலா, வெளியே நாற்பது பேர் காத்திருப்பதாலா, அவருக்கும் வெட்கமா, தெரியாது. கேட்டிருந்தால் இவர் சொல்லியிருப்பார். வாயைத் திறக்க ஒரு சாக்குக்காகத்தான் பத்து வருடமாகத் தவறாமல் போகிறார். அந்தக் கேள்வியை இவரிடம் இதுவரை கேட்ட ஒரே ஆள் புசா ரோட்டு மாடிக்காரர். கேட்டார், கதவைச் சாத்தினார், நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு முழுசாகக் கேட்டுக்கொண்டார். மூன்று மாதக் கோர்ஸுக்கு அங்கேயே பணம் கட்டிவிட்டுத்தான் இவர் கீழே இறங்கினார்.